பள்ளிவாசல் மாடியில் இருக்கும் சைரனை இரும்புக்குப் போட வேண்டாம்



அன்பின் ஊர் மக்களே,

நமது பள்ளிவாசலின் பழைய பகுதியைத் திருத்தும் வேலை தொடங்கப் போகிறது, அல்ஹம்துலில்லாஹ். அதற்கு முன்பு மாடிக் களஞ்சிய அறையைக் காலி பண்ணி, உள்ளே கிடப்பதைப் பழைய இரும்பு எடுப்பவருக்கு நிறுத்துக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த கேற், நெளிந்த லவுட்ஸ்பீக்கர் கொம்பு எல்லாம் போகட்டும். ஆனால் மூலையில் ஒரு சைரன் இருக்கிறது. அது போகக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

முப்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்காது. இன்று நோன்பு திறக்கும் நேரத்தைக் கைபேசி சொல்கிறது. வானொலியில் முஸ்லிம் சேவை பாங்கு சொல்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் நம் பகுதிப் பள்ளிவாசல்களில் நகரா அடித்தார்கள். ஊர் பெருத்ததும் நகராச் சத்தம் கடைசி வீடு வரைக்கும் எட்டவில்லை. பிறகுதான் சைரன் வந்தது. கெய்ரோவிலும் ஜெருசலேமிலும் இதே வேலைக்குப் பீரங்கி வைத்திருந்தார்கள். ஒரு ஊர் முழுவதும் ஒரே நொடியில் ஒரே செய்தியைக் கேட்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் நோக்கம்.

*சைரன் எப்படிச் சத்தம் போடுகிறது?*

பலர் நினைப்பது போல அது ஒலிபெருக்கி அல்ல. உள்ளே ஒரு ஸ்பீக்கரும் இல்லை. இரண்டே இரண்டு முக்கிய உறுப்புகள்தான். ஒன்று சுழலும் சக்கரம். அதன் சுற்றுப்புறத்தில் வரிசையாக இடைவெளிகள் இருக்கும். மற்றது அந்தச் சக்கரத்தைச் சுற்றி அசையாமல் நிற்கும் கூடு. அதிலும் அதே மாதிரி சாளரங்கள் இருக்கும். மோட்டர் சக்கரத்தைச் சுற்றும்போது நடுவிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டு வெளிப்பக்கமாக வீசப்படும். சக்கரத்தின் இடைவெளி கூட்டின் சாளரத்துக்கு நேரே வரும்போது காற்று பாயும்; விலகும்போது தடைப்படும். ஒரு செக்கனில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை காற்று வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுகள்தான் நம் காதுக்கு ஓசை.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கணக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் ஓடும் வேகமான மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுற்றும். அதாவது செக்கனுக்கு 47.5. சக்கரத்தில் 10 இடைவெளி இருந்தால் ஓசையின் அதிர்வெண் 475. இடைவெளி 12 என்றால் 570. எத்தனை இடைவெளி, எவ்வளவு வேகம், இரண்டையும் பெருக்கினால் சுருதி வந்துவிடும். இதைத் தலைகீழாகவும் போடலாம். சத்தத்தின் அதிர்வெண் தெரிந்தால், பார்க்காமலேயே உள்ளே எத்தனை இடைவெளி என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கருவி அபாயம் அறிவிக்கப் பிறந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்லாந்தின் ஜோன் றொபிசன் இதே முறையில் ஓசை எழுப்பிக் காட்டினார். 1819இல் பிரான்சின் சார்ல்ஸ் கன்யார் த லா தூர் அதைத் திருத்தி, ஓசையின் அதிர்வெண்ணை அளக்கும் ஆய்வுகூடக் கருவியாக ஆக்கினார். தண்ணீருக்குள்ளும் அது பாடியதால் கிரேக்கக் கதைகளில் வரும் கடற்கன்னியரின் பெயரை, 'சைரன்' என்று, அதற்கு வைத்தார். பிறகு 19ஆம் நூற்றாண்டில் மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க வெளிச்சவீடுகளுக்கு அது போனது. ஆலைகளுக்குப் போனது. தீயணைப்பு நிலையங்களுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டில் யுத்தத்துக்கும் போனது.

*1942: நம் நாட்டில் அபாயச் சங்கு*

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா யுத்தப் பிரகடனம் செய்து சில நிமிடங்களில் லண்டனில் சைரன்கள் ஊதின. அது பொய்யான எச்சரிக்கை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சத்தம் ஒரு தலைமுறையின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அங்கே விதி எளிமையானது. ஏறி இறங்கி ஏறி இறங்கி அழுதால், விமானம் வருகிறது, பதுங்குங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக நீண்டு ஊதினால், ஆபத்து நீங்கியது, வெளியே வாருங்கள். மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்தும் நிறுத்தியும்தான் அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கினார்கள். 1940இல் அங்கே தேவாலய மணிகளைக்கூட அடிக்க விடவில்லை. எதிரி தரையிறங்கினால் மட்டும் அடிக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒரு சத்தத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு அந்த யுத்தம் நம் வாசலுக்கு வந்தது. பொதுமக்கள் பாதுகாப்பு ஆணையாளராக ஒலிவர் குணதிலக்க இருந்தார். பிற்காலத்தில் தேசாதிபதியானாரே, அதே ஒலிவர் குணதிலக்கதான். பதுங்குகுழிகள், இருட்டடிப்பு, தொண்டர் படை, அபாயச் சங்கு எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகள்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனேடிய விமானி லியனார்ட் பர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். உயிர் தப்பி ஜப்பானியரிடம் கைதியானார். ஆக, தாக்குதல் வரப்போகிறது என்பது முதல் நாளே தெரியும். அடுத்த நாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை விமானங்கள் வந்தன. கொழும்பில் புதிதாக வைத்திருந்த ரேடார் அவற்றைப் பிடிக்கவில்லை. இரத்மலானையில் நின்ற போர் விமானங்கள் தரையில் இருக்கும்போதே எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டான். துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து சனம் கூட்டம் கூட்டமாக ஊர்களுக்கு ஓடியது.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை. இந்தத் தடவை ரேடார் முன்கூட்டியே கண்டது. போர் விமானங்கள் மேலே ஏற நேரம் கிடைத்தது. சேதம் இல்லாமல் போகவில்லை. அன்றுதான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது. ஆனாலும் இரண்டு நாட்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சைரன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதற்குப் பின்னால் செய்தி சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். செய்தி வராவிட்டால் அது வெறும் இரும்பு.

*யுத்தம் முடிந்த பிறகு*

குண்டு வீச்சு முடிந்தாலும் சைரன் என்ற கருவி முடிந்துவிடவில்லை. ஆலைகள் வேலை தொடங்கவும் முடிக்கவும் ஊதின. தீயணைப்புப் படைகள் ஊதின. பள்ளிவாசல்கள் நோன்புக்கு ஊதின.

இங்கே என் மனதைத் தொட்ட ஒரு விடயம் உண்டு. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக நீண்டு ஊதும் ஓசை யுத்த காலத்தில் "ஆபத்து நீங்கியது, வெளியே வாருங்கள்" என்று சொன்னது. அதே ஓசைதான் பிறகு பள்ளிவாசல் மாடியிலிருந்து "நேரமாகிவிட்டது, நோன்பைத் திறவுங்கள்" என்று சொன்னது. உலகத்தைப் பயமுறுத்திய கருவியை, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கும் கருவியாக நம் மூத்தவர்கள் மாற்றினார்கள். இது சின்ன வேலையா?

சிலர் கேட்கலாம். தொழுகைக்கு அழைக்கக் கொம்பு ஊதலாமா, மணி அடிக்கலாமா என்று ஸஹாபாக்கள் ஆலோசித்தபோது, முடிவில் பாங்குதானே நிலைத்தது, பிறகு சைரன் எதற்கு என்று. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. வரலாறு சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நம் ஊர்களில் சைரனைத் தொழுகை அழைப்பாக யாரும் வைத்திருக்கவில்லை. சைரன் நேரம் சொன்னது, பாங்கு தொழுகைக்கு அழைத்தது. திரும்பவும் ஊத வேண்டும் என்பதும் என் கோரிக்கை அல்ல. தூக்கி எறிய வேண்டாம் என்பதுதான்.

*2004: சைரன் இல்லாத காலை*

சைரனின் அருமை சத்தம் கேட்கும்போது தெரியாது, கேட்காதபோதுதான் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, அன்றைய நம் நாட்டு நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்பு, சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பசுபிக் கடலுக்கு எச்சரிக்கை நிலையம் இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு இல்லை. மருதமுனையும் சாய்ந்தமருதும் அலையைக் கண்ணால் கண்ட பிறகும், தென்மேற்கே பெரலியவில் ரயில் அடிபடும் வரைக்கும் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. அந்த அரை மணியிலும் கரையோரத்து மக்களுக்குச் சொல்ல ஒரு சத்தம் இல்லை. நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதற்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. அவை இலத்திரனியல் கோபுரங்கள், நான் மேலே சொன்ன சுழலும் சக்கரம் அல்ல. காலப்போக்கில் அவற்றில் பல பழுதாகிக் கிடப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் மட்டும் தேவைப்படும் கருவியை யாரும் பராமரிப்பதில்லை. பிரான்சில் மாதத்தின் முதல் புதன்கிழமை சைரன்களை ஊதிப் பார்க்கிறார்கள். கருவி வேலை செய்கிறதா என்றும் தெரியும், சத்தத்தின் பொருளும் மக்களுக்கு மறக்காது. நம் பள்ளிவாசல் சைரனுக்கு நோன்பு மாதம் முழுவதும் தினமும் அந்தப் பரீட்சை நடந்தது. ஊதாவிட்டால் அன்றைக்கே ஊர் கேட்கும். ஆகவே அது பழுதாகக் கிடக்க முடியவில்லை. தினமும் பயன்பட்டதால்தான் அது பிழைத்தது.

*நம் சைரன் எது? அடையாளம் காண்பது எப்படி?*

இது யுத்த காலத்து மிச்சமா, பிறகு வாங்கியதா என்ற கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்லக் கூடாது. சைரனே சொல்லும். பார்க்க வேண்டியவை இவை.

1. பெயர்த்தகடு. முதலில் தேட வேண்டியது இதுதான். பல தடவை வர்ணம் பூசியிருந்தால் தகடு வர்ணத்துக்குக் கீழே மறைந்திருக்கும். செய்த கம்பனி, ஊர், இலக்கம், வோல்ற்றளவு, குதிரைவலு எல்லாம் அதில் இருக்கும். பிரித்தானியத் தயாரிப்புகளில் நெல்சன் ஊரின் கார்ட்டர், லெஸ்டர் ஊரின் ஜென்ற்ஸ், செக்கோமாக் ஆகியவை பேர் போனவை. தகட்டைச் சுரண்டவோ கழற்றவோ வேண்டாம்.

2. தலை எத்தனை. மோட்டர் நடுவில் படுத்திருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரக் கூடு இருந்தால், அது யுத்த காலப் பிரித்தானியச் சைரன்களின் பிரபலமான அமைப்பு. ஒரே தலை மட்டும் என்றால் ஆலை அல்லது தீயணைப்பு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. சாளரங்களின் எண்ணிக்கை. இரண்டு தலையிலும் எண்ணுங்கள். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 12 என்றால் அது இரட்டைச் சுருதிச் சைரன். 475ம் 570ம் சேர்ந்து ஒலிக்கும்போது வரும் அந்தச் சோகமான இழுவைதான் பழைய படங்களில் நாம் கேட்பது.

4. கைப்பிடி உண்டா. மோட்டர் இல்லாமல் பற்சக்கரமும் சுழற்றும் கைப்பிடியும் இருந்தால் அது கைச் சைரன். கரண்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அப்படியான ஒன்று எந்த ஊரில் கிடைத்தாலும் அது பொக்கிஷம்.

5. மோட்டரின் வகை. திரீ பேஸா, சிங்கிள் பேஸா, நேர் மின்னோட்டமா என்பதைப் பார்த்தால், ஊருக்கு மின்சாரம் வந்த வரலாற்றோடு பொருத்திப் பார்க்கலாம்.

6. காகிதம். பழைய நிருவாக சபைகளின் கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, பற்றுச்சீட்டு. "சைரனுக்குக் கொடுத்தது" என்று ஒரு வரி கிடைத்தால் ஆண்டு தெரிந்துவிடும்.

*எப்படிப் பாதுகாப்பது?*

ஆர்வத்தில் யாரும் உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பழைய வயரின் றப்பர் உக்கிப் போயிருக்கும். ஷொக் அடிக்கலாம், தீப்பிடிக்கலாம். கிரீஸ் கட்டியாகி பெயாரிங் இறுகியிருக்கும். சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கும். அதற்குள் குளவிக் கூடோ துருவோ இருக்கும்போது வேகமாகச் சுற்றினால் சக்கரம் உடைந்து சிதறும். முதலில் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மின்னியலாளர் ஒருவர் சுருளின் காப்பைச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

புதுசு போலப் பளபளக்க வைக்கவும் வேண்டாம். வர்ண அடுக்குகளும் சரித்திரம்தான். துரு மேலும் பரவாமல் தடுத்தால் போதும். சுவிட்ச், ஸ்டார்ட்டர், தாங்கிச் சட்டம் எல்லாவற்றையும் சைரனோடு சேர்த்தே வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் கதையில் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி.

என்றாவது ஊதிப் பார்ப்பதாக இருந்தால் பொலிஸுக்கும் ஊருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான். கரையோரத்து ஊரில் திடீரென்று அபாயச் சங்கு ஊதினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் காதை மூட வேண்டும். செவிப்பறைக்கு அது விளையாட்டுச் சத்தம் அல்ல.

"தொல்பொருள் திணைக்களம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பிரதானமாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. நம் சைரன் அந்த எல்லைக்கு வெகு தூரம் பிந்தியது. நம் மஹல்லாவைத் தவிர அதற்குக் காவல் இல்லை. இரும்புக்காரருக்கு அது சில கிலோ இரும்பும் கொஞ்சம் செம்பும் அலுமினியமும். அந்தக் காசு ஒரு நாள் சிமெந்துக்குக்கூடக் காணாது.

*என் வேண்டுகோள்*

நிருவாக சபையின் மதிப்புக்குரிய சகோதரர்களே, களஞ்சியம் காலியாகும் முன்பு சைரனையும் அதன் உறுப்புகளையும் தனியாக எடுத்து வையுங்கள். திருத்திய கட்டடத்தில் ஒரு சிறு மூலை ஒதுக்கித் தாருங்கள். பக்கத்தில் நாலு வரியில் ஒரு பலகை. அவ்வளவுதான். சுத்தம் செய்யும் வேலைக்கு உயர்தர மாணவர்களைக் கூட்டிவர நான் பொறுப்பு. அளப்பதும் எண்ணுவதும் கணக்குப் போடுவதும் அவர்களுக்கு நல்ல பௌதிகவியல் செய்முறையாகவும் இருக்கும்.

மூத்தவர்களே, இரும்பை நாளைக்கும் பார்க்கலாம். உங்கள் ஞாபகத்தை இன்றைக்கே எழுத வேண்டும். சைரன் எந்த ஆண்டு வந்தது, யார் கொண்டு வந்தது, அதற்கு முன்பு நகரா எங்கே இருந்தது, ஊதும் பொறுப்பு யாரிடம் இருந்தது, ஸஹர் முடிவுக்கு ஒரு தடவையா இரண்டு தடவையா, பக்கத்துத் தமிழ் ஊர் வயல்களில் நின்றவர்களும் அதைக் கேட்டு நேரம் பார்த்தார்களா? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பிள்ளைகள் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள். தாய்மார்களும் எழுத வேண்டும். சைரன் ஊதும்போது பள்ளியில் நின்றவர்களை விட, குசினியில் கஞ்சிக்கோப்பையோடு நின்றவர்கள்தான் அதை நன்றாகக் கேட்டவர்கள்.

யாரிடமாவது பழைய கஸற் இருந்தால், நோன்பு காலத்தில் வீட்டில் பதிந்த ஏதாவது ஒன்றில் பின்னணியில் அந்த ஊதல் விழுந்திருக்கக் கூடும். தயவுசெய்து தேடிப் பாருங்கள். இரும்பு நம்மிடம் இருக்கிறது, அதன் குரல் உங்கள் அலுமாரிக்குள் இருக்கலாம்.

பக்கத்து ஊர்ச் சகோதரர்களும் தங்கள் பள்ளிவாசல் மாடியை, பழைய ஆலைக் கூரையை, நகர சபைக் களஞ்சியத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இதைப் பகிருங்கள்.